ஆபீசர் வீட்டு சாம்பிள்

எங்கள் ஷெட்டில் நல்ல கப்பும் செய்வோம், கெட்ட கப்பும் செய்வோம். நல்லதைச் சும்மா கொடுத்துவிடுவோம். கெட்டதை விற்போம். இப்படி ஒரு வியாபாரத்தை வேறு ஊரில் யாராவது நடத்தினார்களா என்று எனக்குத் தெரியாது. விருத்தாசலத்தில் நாங்கள் நடத்தினோம். நானும் என் வீட்டுக்காரரும் மட்டுமில்லை, பீங்கான் தொழிற்பேட்டையான செராமிக் எஸ்டேட்டில் இருந்த அத்தனை ஷெட்டும் அப்படித்தான் நடந்தது.

அறுபதுகளின் கடைசியில் எனக்குக் கல்யாணம். நான் கம்மாபுரம் பக்கம் பிறந்தவள். அவருக்குக் கருவேப்பிலங்குறிச்சி. இரண்டு பக்கமும் காடு கழனிதான். இவர் மட்டும் பீங்கான் வேலை படித்துவிட்டு, எஸ்டேட்டில் ஒரு ஷெட்டை வாடகைக்குப் பிடித்து, டீ கப்பும் சாசரும் செய்யப்போகிறேன் என்று கிளம்பிவிட்டார். சோறு ஆக்கிப் போடத்தான் நான் வந்தேன். வந்த வாரமே ஷெட்டுக்குள் நுழைந்துவிட்டேன்.

அச்சுக்குள் களிமண் கூழை ஊற்றி, கொஞ்சம் இறுகவிட்டு, மிச்சத்தைக் கவிழ்த்துவிட்டால் உள்ளே கப்பு நிற்கும். அச்சைப் பிரிக்கும்போது அது ஈரமாக, மெத்தென்று கையில் வந்து உட்காரும். முதன்முறை அதை வாங்கியபோது நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். "என்னா சிரிப்பு?" என்றார் அவர். "என்னமோ புள்ளய கையில வாங்கின மாதிரி இருக்குதுங்க" என்றேன். அவருக்கு வெட்கம் வந்துவிட்டது. அன்றிலிருந்து காது ஒட்டுவது, விளிம்பு துடைப்பது, பூ வரைவது எல்லாம் என் வேலையாயிற்று. அந்த ஷெட்டைப்போல அதுவரை எதையும் நான் எனக்கென்று விரும்பியதில்லை.

என் மாமனாருக்கு இது எதுவும் பிடிக்கவில்லை. வயலுக்கு ஆள் போதாமல் அவர் திண்டாடிக்கொண்டிருந்தார். வேர்க்கடலையை எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்போம். அந்த வருஷம் மல்லாட்டை விதைத்த கையோடு வந்து, மகனிடம் முடிவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

"மல்லாட்ட புடுங்கற வரைக்கும் பாப்பன். அதுக்குள்ள நிமுந்தா சரி. இல்லன்னா ஷெட்ட ஒப்படைச்சிட்டு ரெண்டு பேரும் ஊருக்கு வந்துருங்க. வண்டிய கொண்டாந்து நானே சாமானை ஏத்திக்கிறன்."

அவர் சொன்னால் செய்கிறவர். ஷெட்டோ நிமிர்கிற வழியாக இல்லை.

ஏன் நிமிரவில்லை என்பதற்கு ஒரே காரணம் சாம்பிள்தான். சின்ன ஷெட்டுக்காரர்கள் யாருக்கும் சொந்தச் சூளை கிடையாது. அரசாங்கத்துப் பொதுச் சூளை ஒன்று இருந்தது. நீளமான சுரங்கம் மாதிரிக் கட்டிடம், உள்ளே தண்டவாளம். சரக்கை டிராலியில் அடுக்கி ஒரு பக்கம் தள்ளினால் வெந்து மறுபக்கம் வரும். எந்த ஷெட்டுக்கு எப்போது டிராலி என்று சொல்ல ஓர் ஆபீசர் இருந்தார். பார்க்க மிக நல்ல மனிதர். நெற்றியில் விபூதி, பேச்சில் பணிவு. "ஒரு பைசா நான் கை நீட்டி வாங்கினேன்னு எவனாவது சொல்லட்டும், பழமலைநாதர் சந்நிதியில சத்தியம் பண்ணி சூடம் அடிக்கிறேன்" என்பார். தாராளமாக அடிக்கலாம். அவர் பைசாவே வாங்கியதில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஷெட்டு ஷெட்டாக வருவார். "உங்க சாம்பிளை நான் இன்னும் பாக்கலையே" என்பார். அவ்வளவுதான்.

அவர் பார்க்காவிட்டால் நமக்கு டிராலி வராது. கரி வரவில்லை, தண்டவாளம் ரிப்பேர், மேலே கேட்டிருக்கிறோம் என்று தினம் ஒரு பதில் வரும். சுடாத கப்பு மழை ஈரத்தில் இளகும், எலி ஓடினால் உடையும். அதனால் எல்லாரும் சாம்பிள் காட்டினோம். காட்டிய சாம்பிள் திரும்பி வந்ததே இல்லை. அவர் வீட்டில் டீ குடிக்க இருந்தது அவர், அவர் சம்சாரம், ஒரு பெண். அலமாரிகளில் இருந்த கப்பை எடுத்தால் தேர்த்திருவிழாவுக்கே டீ கொடுக்கலாம். மிச்சம், அவருக்கு மேலே இருந்தவர்களின் வீடுகளுக்குப் போனது.

கோணல் கப்பு கொடுத்தால் கோபம் வரும் என்பதால், சாம்பிளுக்குத்தான் நல்ல களிமண். அதைத் திரும்பத் திரும்பச் சலிப்போம். டிராலியின் நடுவில் வெப்பம் சமமாக இருக்கும். அந்த இடமும் சாம்பிளுக்குத்தான். விற்கிற சரக்கு மிச்ச மண்ணில் உருவாகி, ஓரத்தில் உட்கார்ந்து, ஒரு பக்கம் அதிகம் வெந்து கோணிக்கொண்டு வரும். சேலத்து வியாபாரி ஒருவர் எங்கள் கப்பை மேசைமேல் வைத்து விரலால் ஒரு தட்டுத் தட்டினார். அது ஆடியது. "என்னாங்க, தொட்டில் வியாபாரமா பண்றீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார். அப்புறம் வரவில்லை. விருத்தாசலத்துக் கப்பு ஆடும் என்று பஜாரெல்லாம் பேச்சாகிவிட்டது.

எங்களுக்கு எதிர் ஷெட்டில் ஊறுகாய் ஜாடி செய்தார்கள். அதை மூடிவிட்டார்கள். அங்கே வேலை பார்த்த பெண்கள் நல்லூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். மூடியை ஜாடிமேல் வைத்தால் காற்றுப் புகாத அளவுக்குக் கை பழகியவர்கள். மறுபடி களையெடுக்கப் போனார்கள். மண் எங்களுடையது, கை எங்களுடையது, சூளை எங்களுக்காகக் கட்டியது. ஊர் நிமிர வேண்டிய காலத்தில் ஒருத்தர் வீட்டு அலமாரி நிமிர்ந்துகொண்டிருந்தது. இதை நான் சத்தமாகச் சொன்னால் என் வீட்டுக்காரர் ஓடிப்போய் ஷெட்டுக் கதவைச் சாத்துவார்.

மல்லாட்டைக் கொடி நன்றாகப் படர்ந்திருந்த சமயத்தில், சிதம்பரத்தில் ஓட்டல் வைத்திருந்த ஒருவர் வந்தார். எங்கள் சரக்கைத் தட்டிப் பார்த்தார். ஆடியது. சிரித்தார். "ஆடாத கப்பா ஒரு டிராலி குடுங்க. நின்னுதுன்னா வருஷம் பூரா உங்ககிட்டதான் வாங்குவேன்" என்றார். அது எங்களுக்குக் கடைசி வழி என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அந்த நேரம் பார்த்து ஆபீசர் வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அவர் பெண்ணுக்கு நிச்சயதார்த்தமாம். மாப்பிள்ளை வீடு சிதம்பரமாம். "வர்றவங்களுக்கெல்லாம் ஒரே மாதிரி கப்பு சாசர் இருந்தா நல்லா இருக்கும். உங்க சாம்பிளைப் பாக்கலாம்னு இருக்கேன்" என்றார். இதற்குப் பெயரும் சாம்பிள்தான்! ஆக, முதல் டிராலியின் நடு இடம் அவருக்கு, ஓரத்தில் வேறு ஷெட்டுச் சரக்கு. கப்பு அவருக்குப் பிடித்தால்தான் ஓட்டல்காரருக்கு அடுத்தது.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. சாம்பிளை நாங்கள் கொண்டுபோய்க் கொடுப்பதில்லை. சூளையிலிருந்து டிராலி வெளியே வந்த உடனே ஆபீசரின் பியூன் வந்து நேராக எடுத்துப்போவான். எது சாம்பிள் என்று அவன் கண்டுபிடிக்க, கப்பு உட்காரும் பலகைக் கல்லில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு வைப்பது எஸ்டேட் வழக்கம். போன தடவை அடுக்குகிறவர்கள் கல்லை மாற்றி வைத்துவிட்டார்கள். பியூன் ஓரத்துச் சரக்கை அள்ளிக்கொண்டு போய்விட்டான். ஆபீசர் வீட்டில் கப்பு ஆடியது. எங்கள் டிராலி மாதக்கணக்கில் தள்ளிப்போனது.

"இந்த தடவ மாறிடக் கூடாதும்மா" என்றார் என் வீட்டுக்காரர். "நான் பாத்துக்கறேன்" என்றேன்.

பார்த்துக்கொண்டேன். கல்லில் கோடு போட்டால்தானே மாறுகிறது? கப்பிலேயே எழுதிவிட்டால்? பென்சிலில் எழுதினால் நெருப்பில் போய்விடும் என்பது எனக்குத் தெரியும். பூ வரைகிற நீலச் சாயம் போகாது. அதைப் பளபளப்பு தருகிற மாவுக் கரைசலில் தோய்த்துச் சுட்டால் கண்ணாடிக்குள் இருக்கிற மாதிரி ஊர் அழிகிறவரைக்கும் நிற்கும். காய்ந்த கப்புகளைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். ஒவ்வொரு கப்பின் அடியிலும், ஒவ்வொரு சாசரின் அடியிலும், மெல்லிய பிரஷ்ஷால், என் அழகான கையெழுத்தில் எழுதினேன்: 'சாம்பிள். ஆபீசர் வீட்டுக்கு.' சாசரில் இடம் அதிகம் இருந்ததால் எழுத்தைப் பெரிதாகவே எழுதி, சுற்றி ஒரு கொடியும் போட்டேன். எனக்கு அப்படி ஒரு திருப்தி. விஷமம் எதுவும் கிடையாது, சத்தியமாகச் சொல்கிறேன். வேலை சுத்தமாக இருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் என் நினைப்பு. என் வீட்டுக்காரர் அன்றைக்கு மண் வாங்கப் போயிருந்தார். மறுநாள் மாவில் தோய்த்ததும் எழுத்து வெள்ளைக்குள் மறைந்துவிட்டது. அது வெந்த பிறகுதான் வெளியே தெரியும்.

டிராலி வந்தது. பியூன் வந்தான். நான் முன்பே சொல்லிவைத்தபடி முதல் கப்பை மட்டும் கவிழ்த்துப் பார்த்தான். "எழுதியே இருக்குதே, ரொம்ப சௌகரியம்மா" என்று நடுவில் இருந்த எல்லாவற்றையும் வைக்கோலில் கட்டி எடுத்துக்கொண்டு போனான். அவனுக்கும் விஷமம் இல்லை.

நிச்சயதார்த்தத்துக்கு ஷெட்டுக்காரர்கள் எல்லாரையும் கூப்பிட்டிருந்தார்கள். பரிமாற ஆள் வேண்டுமே. அன்று காலையில் கப்புக் கட்டைப் பிரித்துத் துடைத்து அடுக்கியதும் நான்தான். ஆபீசரின் குவார்ட்டர்ஸ் முன்னால் பந்தல். பெண் வீட்டார் ஒரு வரிசை, மாப்பிள்ளை வீட்டார் எதிர் வரிசை, நடுவில் ஜமக்காளத்தில் தட்டுகள். ஆபீசருக்கு மேலே இருந்த பெரிய ஆபீசரும் சம்சாரத்தோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். டிபன் முடிந்து காப்பி வந்தது. நான் தட்டை எடுத்துக்கொண்டு போனேன். கப்பு ஒவ்வொன்றும் முத்து மாதிரி இருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சூடான காப்பியை எங்கள் பக்கத்தில் யாரும் கப்பில் குடிக்க மாட்டோம். சாசரில் ஊற்றி, ஊதி, இரண்டு கையாலும் தூக்கி உறிஞ்சுவோம். பெண் வீட்டு வரிசையில் பெரியவர்கள் எல்லாரும் ஊற்றினார்கள், ஊதினார்கள், தூக்கினார்கள். எதிரே உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை வீட்டாருக்கு அத்தனை சாசரின் அடிப்பாகமும் ஒன்றாகத் தெரிந்தது.

மாப்பிள்ளையின் அத்தை ஒரு டீச்சர். எழுத்தைக் கண்டால் படிக்காமல் இருக்க முடியாது போல. வகுப்பில் படிக்கிற குரலிலேயே படித்தார்: "சாம்பிள். ஆபீசர் வீட்டுக்கு."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். உடனே எல்லாருக்கும் தங்கள் சாசரில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க ஆசை வந்துவிட்டது. காப்பி இருப்பதை மறந்து திருப்பினார்கள். பட்டுப் புடவையில் காப்பி, வேட்டியில் காப்பி, தாம்பூலத் தட்டில் காப்பி. மாப்பிள்ளை சிரிப்பை அடக்கத் துண்டால் வாயை மூடிக்கொண்டார். பெண்ணும் தலையைக் குனிந்தபடி தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தது. நல்ல பெண்.

பெரிய ஆபீசர் தன் கப்பை மெதுவாகத் தூக்கி அடியைப் பார்த்தார். மெதுவாகக் கீழே வைத்தார். அவர் சம்சாரம் அவர் காதில் சொன்னது, பின்னால் நின்ற எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"ஏங்க, நம்ம வூட்ல இருக்கறதுலயும் எழுதியிருக்குமோ?"

பெரிய ஆபீசர் வேலை இருக்கிறது என்று எழுந்துவிட்டார். ஆபீசர் அவர் பின்னால் ஓடினார். அன்றைக்குத்தான் அவர் கை முன்னால் இருந்ததைப் பார்த்தேன். கும்பிட்டபடி இருந்தது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. என் வீட்டுக்காரரும் நானும் வீட்டுக்கு நடந்தோம். மணிமுத்தாற்றுப் பாலத்துக்கு வந்ததும் அவர் கேட்டார்.

"கொடி வேற போட்டிருந்தியா?"

"எடம் இருந்துச்சுங்க."

அவர் பாலத்துக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். நானும் சிரித்தேன். சிரித்துச் சிரித்துக் கடைசியில் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஓட்டல்காரருடைய சரக்கு முழுதும் சுடாமல் ஷெட்டில் கிடந்தது. இனி எங்களுக்கு எங்கே டிராலி? கருவேப்பிலங்குறிச்சியில் மல்லாட்டைச் செடி மஞ்சள் அடிக்க ஆரம்பித்திருந்தது.

மறுநாள் காலையில் பக்கத்து ஷெட்டு அக்கா வந்தார். மாதா கோயிலுக்குப் போகிறவர், பொம்மை செய்கிறவர், எஸ்டேட்டிலேயே பெரிய குரல்காரர். திட்டப்போகிறார் என்று பயந்தேன். கையை நீட்டினார்.

"அந்த நீலத்த கொஞ்சம் குடு. எங்கிட்ட சாம்பிளுக்கு ஒரு பொம்மை செட்டு கேட்டுருக்காரு. பொம்மைக்கு முதுவுல எழுதப்போறேன்."

"அக்கா, வம்பு வேணாம்."

"என்னா வம்பு? சாம்பிளத்தானே சாம்பிள்னு எழுதறோம். பொய்யா எழுதறோம்?"

மத்தியானத்துக்குள் என் சாயக் கிண்ணம் காலியாகிவிட்டது. பியூஸ் கட்டை செய்கிறவர் வந்தார், பூந்தொட்டிக்காரர் வந்தார், ஒருவர் எழுதத் தெரியாது என்று என்னையே கூட்டிப்போய் எழுதவைத்தார். யாரும் கூட்டம் போடவில்லை, கோஷம் போடவில்லை. ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டு எழுதினோம். எஸ்டேட்டில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

ஆபீசர் திருந்தினார் என்று சொல்ல மாட்டேன். அவர் திருந்தவில்லை. ஆனால் அடியில் அப்படி எழுதிய கப்பை எந்த அலமாரியில் வைப்பது, எந்த மேலதிகாரிக்குக் கொடுப்பது? மேலே இருந்தவர்களுக்கும் பயம் வந்து, யாரும் வேண்டாம் என்றார்களாம். ஒரு வாரம் அவர் எஸ்டேட் பக்கமே வரவில்லை. பிறகு பியூன் வந்து சொன்னான்: "எல்லாரும் வரிசப்படி ஏத்திக்கச் சொன்னாரும்மா. சாம்பிள் ஒண்ணும் வேணாமாம்." சொல்லும்போது அவன் என்னைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். சிரிப்பு வந்துவிடும் என்ற பயம்.

சாம்பிள் இல்லையென்றால் நல்ல மண் முழுக்க விற்கிற சரக்குக்கு. டிராலியின் நடு இடமும் விற்கிற சரக்குக்கு. ஓட்டல்காரர் சரக்கையும் கரைத்துவிட்டு நல்ல மண்ணில் மறுபடி வார்த்தோம், நல்ல மண் ஓரத்தில் வெந்தாலும் கோணாது.

அதற்குள் சிதம்பரத்து ஓட்டல்காரரே வந்துவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் கதையை பஸ்ஸிலேயே சொல்லிக்கொண்டு போயிருக்கிறார்கள். அது அவர் ஓட்டலுக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது.

"அந்த ஆபீசர் வூட்டு கப்பு இருக்குதாமே, அத காட்டுங்க" என்றார்.

உடைந்தால் இருக்கட்டும் என்று ஒன்றிரண்டு அதிகம் செய்து, பியூன் வருமுன் டிராலியிலிருந்து எடுத்து வைத்திருந்தேன். ஒன்றை மேசையில் வைத்துத் தட்டினார். அசையவில்லை. திருப்பிப் படித்துவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"எனக்கு இதேதான் வேணும். எழுத்தோட."

"எழுத்து எதுக்குங்க?" என்றார் என் வீட்டுக்காரர் சங்கடமாக.

"ஆபீசர் வூட்டு கப்புல டீ குடிச்சேன்னு சொல்றதுக்கே என் கடைக்கு நாலு பேரு வருவான்யா."

எழுத மாட்டேன் என்று நான் சொல்லிவிட்டேன். அவருடைய கப்புக்கு அவர் விலை கொடுக்கிறார், அது எப்படிச் சாம்பிளாகும்? கொஞ்சம் வாதாடிப் பார்த்தார். கடைசியில் அடியில் 'விருத்தாசலம்' என்று மட்டும் எழுதித் தருகிறேன் என்றேன். கொடியும் போடு என்றார். போட்டேன்.

அந்த டிராலி சூளையை விட்டு வெளியே வந்த அன்றைக்குத்தான் என் மாமனாரும் வண்டியோடு வந்தார். மல்லாட்டை பிடுங்க இரண்டு நாள் இருந்தது. ஆபீசரை அவமானப்படுத்திவிட்டோம், போலீஸ் வரும் என்றெல்லாம் ஊரில் அவருக்குச் சொல்லியிருந்தார்கள். முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு, "சாமான எடுத்து வைடா" என்று மகனிடம் சொன்னார். இவர் அவரைக் கூட்டிக்கொண்டு சூளையடிக்கு வந்தார். டிராலியில் கப்புகள் சூடு ஆறாமல் வரிசையாக நின்றிருந்தன. நடுவிலும் ஓரத்திலும் ஒன்றுகூடக் கோணவில்லை. என் மாமனார் ஒன்றை எடுத்தார். சுட்டது. துண்டில் பிடித்துத் திருப்பினார். ஊரின் பெயரை எழுத்துக் கூட்டி வாசித்தார். பிறகு அடுத்ததை எடுத்தார். அதிலும் வாசித்தார்.

"ஜங்ஷன்ல ஏத்தணும்ப்பா, ரயிலுக்கு நேரமாச்சி. வண்டி கெடைக்கல" என்றார் இவர்.

என் மாமனார் வண்டியிலிருந்த வைக்கோலை உதறிப் பரப்பினார். நாங்கள் கப்பை அடுக்கினோம். மாட்டை அடித்து ஓட்டித்தான் அவருக்குப் பழக்கம். அன்றைக்கு ஜங்ஷன் வரைக்கும் மாட்டுக்கு முன்னால் நடந்தே வந்தார். பள்ளம் வந்தால் மாட்டைத் திட்டினார், கல் வந்தால் ரோடு போட்டவனைத் திட்டினார். ஒரு கப்பு உடையவில்லை.

ரயிலில் ஏற்றி முடித்ததும் வண்டியைத் திருப்பினார். எங்கள் கல்யாணத்திலிருந்து அவர் என்னிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. எதுவானாலும் மகனிடம் சொல்லி மகன் என்னிடம் சொல்ல வேண்டும், எங்கள் பக்கத்து மாமனார்கள் அப்படித்தான். மாட்டின் கயிற்றைச் சரிசெய்துகொண்டே, என்னைப் பார்த்துச் சொன்னார்.

"மல்லாட்டைக்கு நான் ஆள் வச்சிக்கறம்மா. நீ ஷெட்ட பாரு. அடுத்த லோடு என்னிக்கின்னு சொல்லி அனுப்பு, வண்டி கொண்டாறன்."

"சரிங்க மாமா" என்றேன். அடுத்த டிராலி என்றைக்கு என்று விரல் விட்டு எண்ண ஆரம்பித்தேன்.